டிரங்குப் பெட்டியில் பிளாக்பூல்: பழைய படத்தபால் அட்டைகள் பற்றி வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் தெலுக் இந்தான் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் துரை பங்களாவோ பழைய கிராணி (தோட்ட எழுத்தர்) வீடோ காலியாகும்போது, தகர டிரங்குப் பெட்டிகளில் படத்தபால் அட்டைகள் கட்டுக்கட்டாக அகப்படுகின்றன. ஊர்ப் பெயரைப் பார்த்தால் பிளாக்பூல், பிரைட்டன், மோர்கம். படத்தைப் பார்த்தால் நடனக்கூடம், நாடக அரங்கு, சர்க்கஸ் கட்டடம், ஜெட்டி மாதிரி கடலுக்குள் நீண்டு முனையில் ஓர் அரங்கையே தாங்கி நிற்கும் கடல்மேடை. சீமைக் கடற்கரைக்கு விடுமுறை போன உறவினர்கள் துரைமாருக்கு எழுதியவை இவை. துரை ஊருக்குத் திரும்பும்போது ஆபீஸ்காரர்கள் கைக்கு வந்தவையும் உண்டு. இவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: அப்பா ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்தவர். அவருடைய பெட்டியில் பிளாக்பூல் அட்டைகள் ஒரு கட்டு இருக்கின்றன. பாதிக்கு மேல் எழுதாதவை, தபால்தலையும் இல்லை. எந்த ஆண்டு என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகி, ஹூத்தான் மெலிந்தாங்)

பதில்: முதலில் கட்டடத்தைப் பாருங்கள். பின்புறத்தை அப்புறம் பார்க்கலாம். முத்திரை இருந்தாலும் அட்டை எப்போது தபாலில் போனது என்பதைத்தான் அது சொல்லும். படம் எடுத்த ஆண்டு வேறாக இருக்கலாம். வாலன்டைன், ஃபிரித் போன்ற பெரிய பதிப்பாளர்கள் நன்றாக விற்ற ஒரு நெகட்டிவை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள். கடைக்காரர்களும் பழைய சரக்கு தீரும்வரை அதையே விற்றார்கள்.

உங்கள் கட்டு பிளாக்பூலாக இருப்பது ஒரு வசதி. அங்கே பொழுதுபோக்குக் கட்டடங்கள் எழுந்ததும் மறைந்ததும் ஆண்டு வாரியாகத் தெரியும். 518 அடி உயரக் கோபுரம் 1894 மே மாதம் திறக்கப்பட்டது. பாரிஸின் ஈஃபில் கோபுரத்தைப் பார்த்துக் கட்டியது. ஆனால் அது இன்றும் நிற்பதால் 'அதற்குப் பிந்தியது' என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. அதைவிடப் பயன்படுவது விண்டர் கார்டன்ஸ் வளாகத்தில் நின்ற ராட்சதச் சக்கரம். 1896இல் எழுப்பி 1928இல் பிரித்துவிட்டார்கள். கட்டடங்களுக்கு மேலே சக்கரம் தெரிந்தால் படம் அந்த இடைவெளிக்குள்தான். ஒரு எச்சரிக்கை: சென்ட்ரல் பியர் கடல்மேடையின் மேல் நிற்கும் சக்கரம் 1990இல் வந்தது. சக்கரம் ஊருக்குள் நிற்கிறதா, கடலுக்கு மேல் நிற்கிறதா என்று பார்த்தாலே குழப்பம் தீர்ந்துவிடும்.

கோபுரத்தை ஒட்டி நிற்கும் மாளிகையின் பெயரைப் படியுங்கள். அது 1899இல் 'அல்ஹாம்ப்ரா' என்ற பெயரில் திறக்கப்பட்டு, 1904 முதல் 'பேலஸ்' ஆனது. 1961இல் இடித்துவிட்டார்கள். நார்த் பியர் முனையில் 'இந்தியன் பெவிலியன்' என்று ஓர் அரங்கு இருந்தது. அதன் காலம் 1877 முதல் 1921 வரை, 1921இல் தீக்கிரையானது. 'விக்டோரியா பியர்' என்று தலைப்பிட்ட அட்டை 1930க்கு முந்தியது என்று கொள்ளலாம். அந்த ஆண்டில் அதற்கு 'சவுத் பியர்' என்று பெயர் மாற்றினார்கள். இப்போதுள்ள ஆப்ரா ஹவுஸ் அரங்கு 1939இல் திறந்தது.

இங்கே எல்லோரும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. ஒரு கட்டடம் படத்தில் இருப்பது சாட்சி. இல்லாதது சாட்சி ஆகாது. கேமரா வேறு திசையில் நின்றிருக்கலாம், அச்சகத்தில் தூரிகையால் அழித்திருக்கலாம். வானத்தைச் சுத்தமாக்குவதற்காகப் புகைபோக்கிகளையும் கம்பங்களையும் அழிப்பது அந்தக் காலத்தில் வாடிக்கை. இன்னொன்று: கோபுரத்துக்குள் இருக்கும் நடனக்கூடத்தின் உட்புறப் படத்தை வைத்து ஆண்டு சொல்ல முயல வேண்டாம். ஃபிராங்க் மேட்சம் வடிவமைத்து 1899இல் திறந்த அந்தக் கூடம் 1956 டிசம்பரில் எரிந்தது. 1958இல் பழைய தோற்றத்திலேயே புதுப்பித்துத் திறந்தார்கள். ஆடுபவர்களின் உடையைப் பார்ப்பதுதான் அங்கே ஒரே வழி.

இனி பின்புறம். பிரிட்டனில் தனியார் அச்சிட்ட படத்தபால் அட்டைக்கு 1894 செப்டம்பரில்தான் அனுமதி கிடைத்தது. 1902 ஜனவரி வரை பின்புறம் முழுவதும் முகவரிக்கு மட்டுமே. செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதினார்கள். அதனால் நடுவில் கோடு இல்லாத பின்புறமும், படத்தைச் சுற்றி வெற்றிடமும் இருந்தால் 1902க்கு முந்திய வடிவம். நடுக்கோட்டின் இடப்பக்கம் 'உள்நாட்டு அஞ்சலுக்கு மட்டும் இங்கே எழுதலாம்' என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருந்தால் ஏறக்குறைய 1902 முதல் 1907 வரை. மற்ற நாடுகள் பலவும் இரண்டாகப் பிரித்த அட்டையை உடனே ஏற்கவில்லை. தபால்தலை ஒட்டும் கட்டத்தில் அரை பென்னி என்று அச்சிட்டிருந்தால் 1918 ஜூனுக்கு முந்திய அச்சு. அந்த மாதம் உள்நாட்டுக் கட்டணம் ஒரு பென்னி ஆயிற்று. வெளிநாட்டுக்கு அதற்கு முன்பே ஒரு பென்னிதான். மலாயாவுக்கு வந்த அட்டையில் அரை பென்னிப் பச்சைத் தலைக்குப் பதில் ஒரு பென்னிச் சிவப்புத் தலை இருப்பது இதனால்தான்.

அளவையும் அளந்து பாருங்கள். சுமார் 115 × 89 மில்லிமீட்டர் என்றால் மிகப் பழையது. 140 × 89 என்பது 1899 முதல் பல பத்தாண்டுகள் ஓடிய அளவு. 148 × 105 என்றால் பெரும்பாலும் 1960களுக்குப் பிந்தியது. தபால்தலையில் உள்ள முகமும் உதவும்: ஏழாம் எட்வர்ட் 1902 முதல், ஐந்தாம் ஜார்ஜ் 1911 முதல், ஆறாம் ஜார்ஜ் 1937 முதல், எலிசபெத் 1952 டிசம்பர் முதல். புதிய ராஜா வந்த பிறகும் பழைய தலைகள் கொஞ்ச காலம் புழங்கின என்பதை மறக்க வேண்டாம்.

தலைப்புக்குப் பக்கத்தில் எண்ணும், வட்டத்துக்குள் 'ஜே.வி.' எழுத்துகளும் இருந்தால் அது டண்டி நகரத்து வாலன்டைன் நிறுவன அட்டை. அந்த எண் நெகட்டிவைப் பதிவு செய்த வரிசையைக் காட்டும். அவர்களது தொகுப்பு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ரஃபேல் டக் நிறுவன அட்டை என்றால் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1940 டிசம்பர் 29 குண்டுவீச்சில் லண்டனிலிருந்த அவர்களது கட்டடமும் பதிவேடுகளும் எரிந்துபோயின.

கேள்வி: பளபளவென்று இருக்கிறது, 'அசல் போட்டோ' என்று விற்பவர் சொல்கிறார். அச்சடித்ததா, போட்டோவா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? (வாசகர், லங்காப்)

பதில்: முடியும். பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி போதும். நல்ல கைப்பேசியின் மிக அருகில் எடுக்கும் வசதியும் போதும். பளபளப்பை நம்ப வேண்டாம், அச்சடித்த அட்டைக்கும் மேலே பூச்சு போட்டார்கள். வானம், முகம், நிழல் ஆகிய மூன்று இடங்களைப் பாருங்கள். வரிசை தவறாத புள்ளிகள் தெரிந்தால் சாதாரண அச்சு. புள்ளி வரிசை இல்லாமல் நெளிநெளியான நுண்ணிய மணல்தடம் தெரிந்தால் கொலோடைப் எனும் உயர்ந்த வகை அச்சு. நிழலிலிருந்து வெளிச்சத்துக்கு எந்தப் புள்ளியும் இல்லாமல் வழுவழுவென்று மாறினால் போட்டோதான்.

போட்டோ என்பதற்கு இன்னொரு அடையாளம் உண்டு. அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் கருமையான ஓரங்களில் நீலம் கலந்த வெள்ளிப் பூச்சு மின்னும். ஈரமும் காற்றிலுள்ள வாயுக்களும் பட்டுப் படத்திலுள்ள வெள்ளி கரைந்து மேற்பரப்புக்கு வந்து படிவதால் உண்டாவது அது. அழுக்கு என்று நினைத்துத் துடைத்தால் படமும் சேர்ந்து போகும்.

பின்புறத்தில் 'ரியல் ஃபோட்டோகிராஃப்' என்று இருந்தால் பெரும்பாலும் நம்பலாம். 'ஃபோட்டோடைப்' என்றால் மேலே சொன்ன கொலோடைப் அச்சு. 'ஃபோட்டோகுரோம்' என்பது டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊரில் இருந்த கம்பெனியின் பெயர்.

மறுபதிப்பு என்று சந்தேகம் வந்தால், பணநோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள். காகிதம் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் வெண்மையூட்டும் ரசாயனம் கலந்த தாள், ஏறக்குறைய 1950க்குப் பிந்தியது. மங்கலாக இருந்தால் பழையது என்று உறுதியாகிவிடாது. ஒளிர்ந்தால் மட்டும் 1910ஆம் ஆண்டு அட்டை என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

கேள்வி: நிலா வெளிச்சத்தில் ஜன்னல்கள் எல்லாம் எரியும் கடல்மேடை அட்டை ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்துக் கேமராவில் இரவில் இப்படி எடுக்க முடிந்ததா? (அதே வாசகர்)

பதில்: எடுக்கவில்லை, தீட்டினார்கள். பகல் நெகட்டிவுக்கு நீலச் சாயம் பூசி, ஒரு நிலாவை வரைந்து, ஜன்னல்களுக்கு மஞ்சள் அடித்தால் 'இரவுக் காட்சி' தயார். நடப்பவர்களின் நிழல் நிலாவுக்கு எதிர்த்திசையில் விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் திருட்டு வெளிப்பட்டுவிடும். அதே ஆட்கள் அதே இடத்தில் நிற்கும் பகல் அட்டை உங்கள் கட்டிலேயே இருக்கக்கூடும். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் அழகு. பிளாக்பூலின் உண்மையான விளக்கு அலங்காரம் 1912இல் தொடங்கியது. போரால் நின்று, 1925இல் மீண்டு, 1939இல் மறுபடி நின்று, 1949இல் திரும்பியது. அதைக் காட்டும் அட்டைகளிலும் தூரிகை வேலை ஏராளம்.

கேள்வி: 'பிரைட்டன்' என்று போட்ட அட்டையில் பெரிய குவிமாடக் கூடம். வரிசையாகக் கட்டில்கள், தலைப்பாகை கட்டியவர்கள் படுத்திருக்கிறார்கள். இது என்ன இடம்? நம் ஆட்களா? (வாசகி, பாகான் டத்தோ)

பதில்: அது பிரைட்டன் டோம். பிற்காலத்தில் நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசரின் குதிரைலாயமாகக் கட்டி, 1867இல் இசையரங்காக மாற்றிய கட்டடம். பக்கத்திலேயே இந்தியக் கும்பங்களைக் கொண்ட ராயல் பெவிலியன் அரண்மனை. முதல் உலகப் போரில் பிரான்ஸ் போர்முனையில் காயம்பட்ட இந்திய வீரர்களுக்காக 1914 டிசம்பரில் இரண்டையும் மருத்துவமனையாக்கினார்கள். 1916 தொடக்கம் வரை அது நடந்தது. சமயம், சாதி வாரியாக ஒன்பது சமையற்கட்டுகள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். பேரரசு தன் வீரர்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்று உலகுக்கும் இந்தியாவுக்கும் காட்டவே இந்தப் படங்களை நிறைய அச்சிட்டுப் பரப்பினார்கள். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லாததற்குக் காரணம் அதுதான்.

அங்கிருந்தவர்கள் பெரும்பாலும் சீக்கியர், பஞ்சாபி முஸ்லிம், பட்டாணியர், டோக்ரா, கர்வாலி, கூர்க்கா வீரர்கள். இறந்த இந்துக்களையும் சீக்கியர்களையும் பேட்சம் ஊருக்கு அருகிலுள்ள குன்றில் தகனம் செய்தார்கள். அங்கே எழுப்பிய 'சத்ரி' நினைவு மண்டபம் 1921 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதன் படம் போட்ட அட்டையும் உங்கள் கட்டில் இருந்தால் இரண்டையும் பிரிக்க வேண்டாம். டோமின் உட்புறத்தை 1935இல் அடியோடு மாற்றிவிட்டார்கள். அதனால் இப்போதைய படத்தோடு ஒப்பிட்டு 'இது வேறு இடம்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: நியூ பிரைட்டன் கோபுரம் என்கிறது ஓர் அட்டை. பிரைட்டனில் கோபுரம் உண்டா? (வாசகர், பீடோர்)

பதில்: இல்லை. நியூ பிரைட்டன் வேறு ஊர், லிவர்பூலுக்கு எதிர்க்கரை. பிரைட்டன் தென்கடற்கரையில் இருக்கிறது. நியூ பிரைட்டன் கோபுரம் 567 அடி, பிளாக்பூலை விட உயரம். ஆனால் ஆயுள் குறைவு: 1900ஐ ஒட்டி எழுந்தது, முதல் உலகப் போரில் பராமரிப்பு இல்லாமல் துருப்பிடித்து 1919 முதல் 1921க்குள் பிரிக்கப்பட்டது. அடியில் இருந்த செங்கல் மாளிகையும் நடனக்கூடமும் 1969 தீவிபத்து வரை நின்றன. மேலே இரும்பு இல்லாத மாளிகை மட்டும் தெரிந்தால் 1921க்குப் பிந்திய படம். பிரைட்டனில் கவனிக்க வேண்டியவை கடல்மேடைகள். வெஸ்ட் பியர் 1866இல் திறந்து, 1975இல் மூடி, 2003இல் எரிந்தது. நடுவில் இருக்கும் இசையரங்கு 1916இல் சேர்த்தது. பேலஸ் பியர் 1899இல் திறந்தது, இன்றும் இயங்குகிறது. 'செயின் பியர்' படம் என்றால் அந்த மேடை 1896 டிசம்பர் புயலில் போய்விட்டது. அட்டை பெரும்பாலும் பழைய படத்தைப் பிற்பாடு அச்சிட்டதாக இருக்கும்.

கேள்வி: பெட்டியைத் திறந்தாலே புழுங்கல் வாடை. அட்டைகளில் வெள்ளையாகப் பூஞ்சணம், ஓரங்களை ஏதோ பூச்சி அரித்திருக்கிறது. வெயிலில் காயவைக்கலாமா? (வாசகி, தெலுக் இந்தான்)

பதில்: வெயில் வேண்டாம். கைச்சாயம் வெளுக்கும், போட்டோ சுருண்டு வெடிக்கும். ஆற்றோரத்து ஊரில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். பூஞ்சணத்துக்கு 65, 70 சதவீதமே போதும். அதனால் சுத்தம் செய்வதைவிட உலர்த்துவதுதான் முக்கியம்.

முதலில் நோயுற்ற அட்டைகளை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனிப் பையில் போடுங்கள். பிறகு குளிர்சாதன அறையில், இல்லாவிட்டால் மின்விசிறி ஓடும் நிழல் அறையில், ஒன்றின்மேல் ஒன்று படாமல் வெள்ளைத்தாளில் பரப்பி இரண்டு மூன்று நாள் விடுங்கள். காற்று நேராக அடிக்கக் கூடாது, அட்டை பறக்கும். பூஞ்சணம் பசைபோல ஒட்டாமல் பொடியாக உதிரும் நிலைக்கு வந்த பிறகே தொட வேண்டும். வீட்டுக்கு வெளியே, காற்று உங்களிடமிருந்து விலகிப் போகும் பக்கம் நின்று, என்95 முகக்கவசத்தோடு, மென்மையான ஆட்டுமயிர்த் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிவிடுங்கள். ஈரத்துணி, சலவைத் திரவம், ஸ்பிரிட் எதுவும் கூடாது. போட்டோ அட்டையின் மேற்பரப்பு பிசுபிசுப்பாக இருந்தால் தூரிகையே வேண்டாம். அந்தப் பூச்சு ஜெலட்டின். பூஞ்சணம் அதைத் தின்று இளக்கியிருக்கும், தேய்த்தால் படம் வழன்று வரும்.

ஓரத்தை அரித்தது ராமபாணப் பூச்சியாக இருக்கும். மாவுப்பசையும் ஜெலட்டினும் அதற்கு விருந்து. அட்டைகள் நன்றாக உலர்ந்த பிறகு ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, இன்னொரு பையில் வைத்து, பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி அல்லது அதற்கும் குளிரான உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் குளிர்ந்த அட்டைமேல் நீர் கோத்துக்கொள்ளும், பட்ட பாடெல்லாம் வீண். குளிரில் பூச்சியும் முட்டையும் சாகும். பூஞ்சணம் சாகாது, உறங்கும்.

இனி வைக்கும் இடம். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன் உறைகளை வாங்குங்கள். புதிய மழைக்கோட்டு வாடை வரும் பி.வி.சி. உறை வேண்டாம். அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் கசிந்து மையையும் படத்தையும் பிடித்துக்கொள்ளும். காற்றுப்புகாத 10 லிட்டர் பெட்டிக்கு 200 கிராம் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரப்பதமானியும் போதும். 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்துங்கள். 30க்குக் கீழே போனால் ஜெலட்டின் இறுகி அட்டை வளையும். சிலிக்கா ஜெல்லின் ஆரஞ்சு நிற மணிகள் பச்சையானால் அடுப்பில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சுட்டு மறுபடி போடலாம். நிறைய அட்டைகள் இருந்தால் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் மின்சார டிரை கேபினட்டில் 45க்கு வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

பாச்சை உருண்டை போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதன் ஆவி பிளாஸ்டிக் உறைகளைக் கெடுக்கும், வாடை அட்டையைவிட்டுப் போகாது, உங்கள் உடம்புக்கும் நல்லதல்ல. வேப்பிலை இன்னும் மோசம். காய்ந்ததாகத் தெரியும் இலையும் ஈரம் கொண்டுவரும், கறையும் விடும்.

கேள்வி: கெடாமல் இருக்க லேமினேட் செய்துவிடலாமா? (வாசகர், பாகான் டத்தோ)

பதில்: கூடவே கூடாது. சூட்டில் உருகிய பசை தாளுக்குள் இறங்கிவிடும், திரும்ப எடுக்க வழியில்லை. விலையும் அன்றோடு போயிற்று.

கேள்வி: மகன் தபால்தலை சேர்க்கிறான். அட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துத் தலையை மட்டும் எடுக்கலாமா? (வாசகி, லங்காப்)

பதில்: வேண்டாம். ஒரு பென்னிச் சிவப்புத் தலை தனியாக வந்தால் சில காசு பெறும். பாதி முத்திரை தலையிலும் பாதி அட்டையிலும் இருக்கும்போதுதான் அது எங்கிருந்து எந்நாளில் புறப்பட்டது என்பதற்குச் சான்று. மலாயாவில் வந்துசேர்ந்த அலுவலகத்தின் முத்திரையும் இருந்தால் இன்னும் நல்லது. நம் ஊர்ப் பெயர் அதில் 'தெலோக் ஆன்சன்' என்றுதான் இருக்கும். தெலுக் இந்தான் என்ற பெயர் 1982இல் வந்தது. அதோடு, அந்தக் காலக் காப்பியிங் பென்சில் எழுத்து பார்ப்பதற்குச் சாம்பல் நிறமாக இருந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் ஊதாவாகிக் கலைந்து ஓடும்.

கேள்வி: கறுப்புத்தாள் ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். கெட்டில் ஆவியில் காட்டினால் வருமா? (வாசகர், ஹூத்தான் மெலிந்தாங்)

பதில்: ஆவி பசையை இளக்கும் முன் ஜெலட்டினை இளக்கிவிடும். பக்கங்களை வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டு, அட்டையைச் சுற்றி ஆல்பத் தாளை வெட்டித் தனியாக்குங்கள். அட்டையைக் கவிழ்த்து மேசையில் தட்டையாக வைத்து, தாளை அட்டையிலிருந்து உரியுங்கள். அட்டையைத் தாளிலிருந்து இழுக்க வேண்டாம். மடங்க வேண்டியது தாள்தான். அட்டை மடங்கினால் படத்தில் வெடிப்பு விழும். மூலைகளில் மெழுகு தடவாத பல் இழையைச் செலுத்தி ரம்பம் போல மெல்ல அசைத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

மிச்சம் ஒட்டியிருக்கும் கறுப்புத் துணுக்குகளை அப்படியே விடுவது நல்லது. எடுத்தே ஆகவேண்டும் என்றால், அச்சட்டையில், கையெழுத்து இல்லாத இடத்தில் மட்டும், கெட்டியாகக் கரைத்த மெத்தில் செல்லுலோஸ் கூழை ஐந்து முதல் பத்து நிமிடம் தடவி வைத்து, ஐஸ்கிரீம் குச்சியின் தட்டைமுனையால் வழித்தெடுங்கள். பிறகு மைஒற்றுத் தாள்களுக்கு நடுவே கனமான புத்தகம் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். போட்டோ அட்டையில் இதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒருவர் அட்டைக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், பீடோர்)

பதில்: எந்த அட்டை என்பதைப் பொறுத்தது. கோபுரமும் கடற்கரையும் தெரியும் பொதுக்காட்சி அச்சட்டைகள் கோடிக்கணக்கில் விற்றவை, இங்கிலாந்திலேயே அவை மலிவு. நியாயமான விலைதான் கேட்கிறார். ஆனால் ஒன்றாக அள்ளிக் கொடுக்கும் முன் சிலவற்றைத் தனியே எடுங்கள்: டிக்கெட் கூண்டின் முன் ஊழியர்கள் நிற்கும் போட்டோ அட்டை, நிகழ்ச்சிச் சுவரொட்டி படிக்கும்படி தெரியும் அரங்கு வாசல், தீயிலும் புயலிலும் சிதைந்த கடல்மேடை, சர்க்கஸ் கலைஞர்கள், பெயர் கேள்விப்படாத சிறிய கடற்கரை ஊர்கள். சுவரொட்டியில் நாளும் ஆட்டக்காரர் பெயரும் தெரிந்தால் ஆண்டு கண்டுபிடிக்கும் வேலையும் முடிந்தது.

அடுத்தது முகவரிப் பக்கம். படம் சாதாரணமாக இருந்தாலும் தோட்டத்தின் பெயர், சிறிய மலாயா அஞ்சலகத்தின் தெளிவான முத்திரை இரண்டும் இருந்தால் அஞ்சல் வரலாறு சேகரிப்பவர் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாங்குவார். ஒரே குடும்பத்துக்கு வந்த அட்டைகளை உடைக்காமல் ஒரே கட்டாக வையுங்கள். இணைய ஏலத் தளங்களில் விலை பார்க்கும்போது, கேட்கும் விலையை விட்டுவிட்டு விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள். மடிப்பு, மூலை வெட்டு, தலை உரித்த வடு ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கும்.

கேள்வி: இதே போல நம் நாட்டுக் கடற்கரைக் கட்டட அட்டைகள் உண்டா? (வாசகி, தெலுக் இந்தான்)

பதில்: உண்டு. பினாங்கில் கடலைப் பார்த்து நிற்கும் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டல் பலமுறை அட்டையில் வந்தது. பின்புறத்தில் பதிப்பாளர் பெயரைத் தேடுங்கள். சிங்கப்பூர் ஜி. ஆர். லாம்பர்ட், பினாங்கு காவுல்ஃபஸ் ஆகிய பெயர்களோடு 'எஸ். எம். மாணிக்கம், பினாங்கு' என்ற பெயரும் கண்ணில் படலாம். மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் இவற்றுக்கும் பொருந்தும். ஒன்று மட்டும் வேறு: இங்கிருந்து புறப்பட்ட அட்டையில் பாயும் புலித் தலை இருந்தால் அது கூட்டு மலாய் மாநிலங்களின் தலை, 1900 முதல் 1935ஐ ஒட்டிய காலம்.

கேள்வி: கோயில் மண்டபத்தில் தோட்ட வரலாற்றுக் கண்காட்சி வைக்கிறோம். அட்டைகளைப் பெரிதாக்கி மாட்ட எப்படி ஸ்கேன் செய்ய வேண்டும்? (வாசகர், லங்காப்)

பதில்: கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்கும் தட்டை ஸ்கேனரில் மட்டும் செய்யுங்கள். தாளை உள்ளே இழுக்கும் இயந்திரம் மூலையை மடக்கிவிடும். சாதாரண அட்டைக்கு 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்தால் 3300 × 2100 புள்ளிகள் கிடைக்கும், அழுத்தாத டிஃப் கோப்பு சுமார் 21 எம்.பி. ஆகும். அதை ஏ3 தாளில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 200 புள்ளிதான் வரும், நின்று பார்க்க அது போதும். கிட்டே வந்து முகங்களைப் பார்க்க வேண்டும் என்றால் 1200இல் எடுங்கள். போட்டோ அட்டைக்குத்தான் இந்தச் செலவு தகும். புள்ளி அச்சை எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளிதான் பெரிதாகும்.

புள்ளி அச்சை ஸ்கேன் செய்யும்போது அலையலையாகக் கோடு விழுவதுண்டு. அட்டையின் புள்ளி வரிசையும் ஸ்கேனரின் வரிசையும் மோதுவதால் வருவது அது. ஸ்கேனரில் 'டீஸ்கிரீன்' வசதியைப் போட்டால் மறையும், ஆனால் நுணுக்கமும் கொஞ்சம் மழுங்கும். பாதுகாக்கும் பிரதியை அந்த வசதி இல்லாமலும், மாட்டும் பிரதியை அதோடும் தனித்தனியாக எடுத்துவிடுங்கள். தானாக நிறம் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். பழுப்புத் தாளை அது வெளுப்பாக்கிவிடும். பின்புறத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்து, கோப்புப் பெயரில் ஒரே எண்ணுக்குப் பின்னால் 'முன்', 'பின்' என்று சேருங்கள். அட்டையின் பின்புற மூலையில் அதே எண்ணை 2பி பென்சிலால் மெலிதாக எழுதலாம். பேனா வேண்டாம்.

மண்டபச் சுவரில் பிரதிகளை மட்டும் மாட்டுங்கள். அசல் ஒன்றிரண்டு காட்டியே ஆகவேண்டும் என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள், ஜன்னலிலிருந்தும் ஸ்பாட் விளக்கிலிருந்தும் தள்ளி, 50 லக்ஸ் வெளிச்சத்தில் வையுங்கள். கைப்பேசியில் அளவிடும் செயலிகள் உண்டு. கற்பூர ஆரத்தி நடக்கும் பக்கம் பெட்டியை வைக்க வேண்டாம், கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரே நாளில் கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே போய்விடும்.